ஃபேஷன் படிக்காமல் அழகு, ஃபேஷன் பத்திரிகையாளர் ஆக முடியுமா?

பி.காம் முடித்திருக்கிறேன், ஆடைகளிலும் மேக்கப்பிலும் ஆர்வம் உண்டு, இதழ்களில் எழுத ஃபேஷன் படிப்பு கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் இல்லை. சென்னையில் ஒரு பெண்கள் இதழில் பதினோரு வருடம் இந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டேன். நான் படித்தது தமிழ் இலக்கியம். சென்னை நிஃப்டில், அதாவது தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனத்தில், ஃபேஷன் கம்யூனிகேஷன் நான்கு வருடப் பட்டப்படிப்பு. ஏற்கெனவே ஒரு பட்டம் கையில் இருப்பதால், உங்களுக்கு ஓராண்டு இதழியல் டிப்ளமோ போதும். அதுவும் வசதிப்பட்டால்தான்.

ஆனால் துணியைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். சேர்ந்த புதிதில், தீபாவளி இதழுக்காகக் காஞ்சிபுரம் பட்டு பற்றி எழுதினேன். ஒரு கடையில் கொடுத்த குறிப்பை நம்பி, கரையைத் தனியாக நெய்து புடவையின் உடலோடு சேர்த்துத் தைக்கிறார்கள் என்று எழுதிவிட்டேன். இதழ் வந்த வாரமே ஒரு நெசவாளரிடமிருந்து தபால் அட்டை வந்தது: "ஒருமுறை தறிக்கு வந்து பாருங்கம்மா." போனேன். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா, அதாவது குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை, ஓடுகிறது. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று. இரண்டு நிறமும் சேரும் இடத்தில் உடலின் ஊடையும் (குறுக்கு நூல்) கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன, தையலே கிடையாது. நெய்பவர் ஒருவரால் அத்தனை நாடாவையும் ஓட்ட முடியாது, பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அந்த வீட்டில் அது அவருடைய மனைவி. நாள் முழுக்க அவர் செய்யும் வேலையை, 'தைக்கிறார்கள்' என்ற ஒரே வார்த்தையில் நான் இல்லாமல் ஆக்கியிருந்தேன். அடுத்த இதழில் திருத்தம் போட்டோம். அப்புறம் தறியையோ தையல் மெஷினையோ நேரில் பார்க்காமல் துணியைப் பற்றி நான் எழுதியதில்லை.

அழகுப் பக்கத்துக்கும் இதேதான். க்ரீம் டப்பாவின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். அதிகம் சேர்த்த பொருள்தான் பட்டியலில் முதலில் வரும். முன்னால் குங்குமப்பூ படம் பெரிதாக இருக்கும், பட்டியலில் அது கடைசியில் கிடக்கும். வெயிலில் வரும் புற ஊதாக் கதிரில் யுவிஏ, யுவிபி என்று இரண்டு வகை உண்டு. சன்ஸ்கிரீனில் எஸ்பிஎஃப் என்ற எண் முக்கியமாக யுவிபி கதிரைப் பற்றியது. யுவிஏ கதிருக்கு பிஏ என்ற குறியைப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். அந்தப் பொருளை விற்கும் கம்பெனியின் விழாவுக்கு வந்த மருத்துவராக இல்லாமல் வேறு ஒருவராக இருக்கட்டும்.

ஒரு வார்த்தையை மட்டும் எழுதவே எழுதாதீர்கள்: சிவப்பழகு. ஃபேர் அண்ட் லவ்லியே 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது. இன்னும் "நிறம் கூடும்" என்ற வரியோடு குறிப்புகள் என் மேஜைக்கு வந்துகொண்டேதான் இருந்தன. அந்த வரியை ஒவ்வொன்றிலும் அடித்து நீக்கினேன். மாநிறப் பெண்பிள்ளை ஒருத்தி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நிற்பாள் என்ற நினைப்புதான் காரணம்.

இலவசப் பொருட்கள் வீடு தேடி வரும். வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் ஆபீஸ் விதியைப் பொறுத்தது. வாங்கினால் வாசகருக்குச் சொல்லிவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு போடும் சமூக ஊடகப் பதிவில் அது விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-லேயே சொல்லிவிட்டது. பத்திரிகைக்காரர் அதைவிடக் கறாராக இருக்க வேண்டாமா?

வேலை வாய்ப்பு? தமிழில் முழுநேர இடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். 1959-ல் தொடங்கிய ஃபெமினா, 2007-ல் வந்த வோக் இந்தியா மாதிரி பெரிய ஆங்கில இதழ்கள் மும்பையை மையமாகக் கொண்டவை. அதனால் ஆங்கிலத்திலும் எழுதப் பழகுங்கள். ஸ்டைலிஸ்ட் யாரிடமாவது உதவியாளராக நான்கைந்து ஷூட்டுக்குப் போய் வாருங்கள். கடையில் கடனாக வாங்கிய புடவையைக் கணக்கெழுதி, லிப்ஸ்டிக் கறை படாமல் காத்து, மறுநாள் திருப்பிக் கொடுக்கும் வேலைதான் முதலில் கிடைக்கும். முகம் சுளிக்காமல் செய்யுங்கள், கடைக்காரர்களும் போட்டோகிராபர்களும் அப்படித்தான் பழக்கமாவார்கள்.

ஆசிரியருக்கு மெயில் போடும்போது "ஃபேஷன் பற்றி எழுத விருப்பம்" என்று அனுப்பினால் பதில் வராது. உங்கள் தெரு டெய்லர் ஒரு கல்யாண ப்ளவுஸின் ஆரி வேலைக்கு (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) எத்தனை மணி நேரம் உட்காருகிறார், கூலி எவ்வளவு, கண்வலிக்கு என்ன செய்கிறார் என்று விசாரித்து ஐந்து வரியில் அனுப்புங்கள். நானாக இருந்தால் அன்றைக்கே போன் செய்திருப்பேன். எந்த ஊர் என்று நீங்கள் சொல்லவில்லையே, சொன்னால் அங்கே எதில் தொடங்கலாம் என்று யோசித்துச் சொல்கிறேன்.