முதல் போட்டவரும் முதலாவதாக வந்தவரும்

கேள்வி: லெ மான் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானியர் என்று மசனோரி செகியாவைக் கொண்டாடுகிறார்கள். 1995-இல் கொட்டும் மழையில் அந்தக் காரைப் பறக்கவிட்டவர் பின்லாந்து நாட்டு ஜே.ஜே. லெஹ்டோ அல்லவா? செகியா பங்குக்கு உட்கார்ந்திருந்தவர்தானே? 'முதல்' என்ற பெருமை அவருக்குத் தகுமா?

பதில்: 'முதல்' என்ற சொல்லுக்கும் நமக்கும் உள்ள பகை இப்பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். தமிழில் அது வரிசையில் முன்னிற்பதையும் குறிக்கும், தொழிலில் போடும் பணத்தையும் குறிக்கும். கார்ப் பந்தயத்தில் இரண்டாவது பொருள் இல்லாமல் முதலாவது பொருள் கைகூடியதாக வரலாறு இல்லை. ஆகவே நீங்கள் கேட்ட முதலைச் சற்றே ஒத்திவைத்து, கேட்காத முதலிலிருந்து தொடங்குகிறோம்.

1949-இல் ஷிசுவோகாவில் பிறந்த செகியா, டொயோட்டாவின் ஆள். டொயோட்டா கார்களைப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்யும் டாம்ஸ் அணிக்காக 1985-இல் பிரான்ஸிலுள்ள லெ மானுக்குச் சென்று, சடோரு நகாஜிமா, கவோரு ஹோஷினோ ஆகியோருடன் சேர்ந்து ஓட்டிப் பன்னிரண்டாம் இடத்தில் முடித்தார். 1987-இல் பந்தயத்துக்கு முன்பாக அந்த ஊரிலேயே திருமணமும் செய்துகொண்டார். அவ்வாண்டு அவருடைய கார் பந்தயத்தின் தொடக்கத்திலேயே படுத்துவிட்டது. சகுனம் பார்ப்பவராக இருந்திருந்தால் அந்த ஊர்ப் பக்கமே பின்னர் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். அவரோ மீண்டும் மீண்டும் சென்றார். 1992-இல் டொயோட்டாவின் டிஎஸ்010 காரில் இரண்டாம் இடம், வென்ற பிரெஞ்சுக் காரான பெஜோவுக்கு ஆறு சுற்றுகள் பின்னால். 1993-இல் நான்காம் இடம். டொயோட்டா ஆண்டுதோறும் முதலைக் கொட்டியது, முதலிடம் மட்டும் வரவில்லை.

1995-இல் அது வந்தபோது, போட்ட முதல் டொயோட்டாவுடையது அன்று. செகியா அமர்ந்தது, ஜெர்மானிய பிஎம்டபிள்யூ இயந்திரம் பொருத்திய பிரித்தானிய மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர் காரில். அதைக் களமிறக்கியது கொகுசாய் கைஹாட்சு என்ற ஜப்பானிய நிறுவனம். பராமரித்து ஓடவைத்தது இங்கிலாந்தின் லான்சான்ட்டே அணி. காரின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் இருந்த பெயர் உவேனோ கிளினிக். ஏதோ கண் மருத்துவமனை என்று நினைத்துவிட வேண்டாம். ஆண்களின் நுனித்தோலை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு ஜப்பானில் பெயர்பெற்ற நிலையம் அது. கழுத்துப் பட்டையை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டிருக்கும் மனிதர்தான் அதன் விளம்பரப் படம். அதன் உட்பொருளை விளக்கும் பொறுப்பை வாசகர்களின் கற்பனைக்கே விடுகிறோம். சிறிதளவு நறுக்கினால் பெரும்பயன் விளையும் என்ற கொள்கை பந்தயக்காரர்களுக்கும் உடன்பாடானதே என்பதால், இவ்விரு தொழில்களின் உறவில் நாம் குறை காண்பதற்கில்லை. ஆனாலும், பந்தயத்தின் பெரும்பகுதியில் முன்னே சென்ற மற்றொரு மெக்லாரன் ஹாரட்ஸ் என்னும் இலண்டன் பெருங்கடையின் பெயரைத் தாங்கியிருந்தது என்பதையும், கிளட்ச் கோளாறால் அது தவித்தபோது இந்த மருத்துவமனைக் கார் அதைக் கடந்து சென்றது என்பதையும் படிக்கும்போது, செல்வச் சீமான்களின் கடையை, சொல்லக் கூசும் சிகிச்சைக்கான கடை வென்றதே என்ற சிறுமகிழ்ச்சி நமக்குத் தோன்றுவதை மறைக்க விரும்பவில்லை. அதே பந்தயத்தில் ஓடிய டொயோட்டா சூப்ரா பதினான்காவதாக வந்தது.

இனி லெஹ்டோ. அந்த இரவு மழையில், பிறர் தடம் தெரியாமல் தடுமாறிய நேரத்தில், அவர் சுற்றுக்குப் பல நொடிகள் வேகமாக ஓட்டினார் என்பது உண்மை. அதை மறுப்பவர் அந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர். ஆனால் இரண்டாம் இடத்தைப் பாருங்கள். மரியோ ஆன்ட்ரெட்டி, பாப் வோலெக், எரிக் எலாரி ஆகிய மூவரின் கார், குராஜ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் தயாரிப்பு, தொடக்கத்தில் ஆன்ட்ரெட்டி தடுப்பில் மோதியதால் ஆறு சுற்று ஓடும் நேரத்தை இழந்து, பின்பு விடாமல் துரத்திவந்து, ஒரே ஒரு சுற்று வித்தியாசத்தில் தோற்றது. அன்றைய லெ மானில் ஒரு சுற்று என்பது 13.6 கிலோமீட்டர், ஏறத்தாழ நான்கு நிமிட ஓட்டம். 24 மணி நேரத்தில், அதுவும் பெரும்பகுதி மழையில், செகியா ஒரே ஒருமுறை சறுக்கிச் சரளையில் மாட்டியிருந்தால் அந்த நான்கு நிமிடமும் போயிருக்கும். லெஹ்டோவின் இரவு வேகம் இரண்டாம் இடத்துக்கான வேகம் என்று பேசப்பட்டிருக்கும். ஒருவரே முழுநேரமும் ஓட்டுவதை விதியும் உடம்பும் அனுமதிக்காத பந்தயத்தில், காரைச் சிராய்ப்பின்றி அடுத்தவரிடம் ஒப்படைப்பதற்கு 'பங்குக்கு உட்கார்வது' என்று பெயரிட்டால், மட்டைப்பந்தில் மறுமுனையில் விக்கெட்டைக் காத்து நிற்பவருக்கு என்ன பெயரிடுவீர்கள்? அப்போது செகியாவுக்கு வயது 45. அந்த மெக்லாரனை ஓட்டிய மூன்றாமவரான யானிக் டல்மாஸ், 1992-இல் செகியாவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிய அதே பெஜோவை ஓட்டியவர்களுள் ஒருவர் என்பது கேள்வியில் இல்லை; எங்களுக்குப் பிடித்திருப்பதால் சொல்கிறோம்.

வேகம் இல்லாதவர் என்ற ஐயம் இன்னும் இருந்தால், ஜப்பானிய டூரிங் கார் சாம்பியன்ஷிப்பைப் பாருங்கள். சந்தைக்குப் போகும் குடும்பக் கார்களின் தோற்றத்தில் இருக்கும் நான்கு கதவு வண்டிகள், இரண்டு லிட்டர் இயந்திரத்துடன் உரசிக்கொண்டு ஓடும் பந்தயம் அது. 1994-இல் டொயோட்டா கொரோனாவில் செகியா பட்டம் வென்றார். கொரோனா என்ற பெயரை அச்சமின்றி எழுத முடிந்த காலம் அது. 1998-இல் 48 வயதில், டொயோட்டா சேஸரில் மீண்டும் வென்றார். ஹோண்டாவும் நிஸானும் அதற்கு முந்தைய ஆண்டோடு விலகிவிட்டதால் டொயோட்டாவே டொயோட்டாவுடன் மோதிய பட்டம் அது என்று ஒரு வாசகர் முன்பு நம்மைக் கண்டித்து எழுதினார். அவர் சொன்னது சரி. 1994-ஆம் ஆண்டுப் பட்டத்தை மட்டும் எடை போட்டுக்கொள்ளுங்கள், அதுவே போதும்.

முதலாவது என்ற பட்டத்தைப் பொறுத்தவரை, அதை எத்தனை துண்டாகவும் அறுக்கலாம். லெ மானை வென்ற முதல் ஜப்பானியக் கார் 1991-இன் மாஸ்டா 787பி. அதை ஓட்டிய மூவரில் ஒருவரும் ஜப்பானியர் அல்லர். ஜப்பானியக் காரில் வென்ற முதல் ஜப்பானியர் 2018-இல் டொயோட்டாவை ஓட்டிய கசுகி நகாஜிமா. 1985-இல் செகியாவுடன் ஒரே காரை ஓட்டிய சடோரு நகாஜிமாவின் மகன். செகியா வென்ற அதே நாளில், 55 வயது குனிமிட்சு தகஹாஷி, கெய்ச்சி சுச்சியா, அகிரா ஈதா என்ற மூன்று ஜப்பானியர்கள் ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரில் தங்கள் பிரிவை வென்று, ஒட்டுமொத்த வரிசையில் எட்டாவதாக வந்தார்கள். அந்தத் தகஹாஷி 1961-இலேயே உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் வென்ற முதல் ஜப்பானியர். ஆக, பெருமை தகுமா என்றால், தகும். லெஹ்டோவுடனும் டல்மாஸுடனும் மூன்றாகப் பங்கிட்டுத்தான்.

இப்பதிலுடன் அந்தக் கரிய மெக்லாரனின் படத்தையும் அச்சிட எண்ணியிருந்தோம். கிளினிக்கின் பெயர் குடும்பப் பத்திரிகைக்கு ஆகாது என்று நம் வடிவமைப்பாளர் அதை மட்டும் வெட்டிவிட்டு, மீதிப் படத்தைக் கொண்டுவந்து நீட்டினார். முதல் போட்டவரின் பெயரை, அதுவும் அவருடைய தொழில்முறையிலேயே, நீக்கிவிட்டுப் படம் போடுவது அறமாகாது என்பதால், இவ்வாரம் படம் இல்லை.