கேட்காதவர எப்படி மன்னிக்கிறது?

ஸ்தோத்திரம் மேடம். கோத்தகிரி பக்கம் இருக்கேன், வயசு 41. அப்பாவோட தேயிலைத் தோட்டத்துல பாதிய அண்ணன் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம வித்துட்டு திருப்பூர்ல செட்டில் ஆயிட்டாரு. அம்மாவ ஆறு வருஷம் பார்த்துக்கிட்டது நான்தான், காலைல இலை பறிக்கப் போயிட்டு மத்தியானம் ஓடி வந்து கஞ்சி ஊட்டினது நான்தான். அவரு கிறிஸ்துமஸ்க்கு கேக் டப்பாவோட வருவாரு, ஒரு மணி நேரம், அவ்ளோதான். கடைசி வாரம் அம்மா அவர் பேரையே சொல்லிட்டு இருந்தாங்க, மழை வேற, போன் பண்ணலாம் பண்ணலாம்னு நானும் விட்டுட்டேன், அது கிடக்கட்டும். அடக்கத்துக்கு வந்து எல்லார் முன்னாடியும் அழுதாரே, அத பார்த்துதான் பத்திக்கிட்டு வந்துச்சு, தோட்டத்த கேட்காம வித்தவருக்கு என்ன அழுகை? ஆயர் ஏழெழுபது தரம் மன்னிக்கணும்ங்கறாரு. எனக்கு ஒரு தரமே முடியல, எட்டு மாசமா திருவிருந்து எடுக்காம பின் பெஞ்சுலயே உட்கார்ந்துடுறேன். அவரா வந்து கேட்டா மன்னிச்சிடுவேன். கேட்காதவர எப்படி மேடம் மன்னிக்கிறது?

பதில்:

தோட்ட விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கும்மா. மன்னிச்சா பாகத்த விட்டுடணும்னு இல்ல, அது தனி, வக்கீல்கிட்ட கேளுங்க.

ஆனா ‘அது கிடக்கட்டும்’னு தாண்டிப் போனீங்களே, எனக்கு அதுதான் உறுத்துது. கோத்தகிரி மழைல டவர் போகும், ஒத்துக்கறேன், ஒரு வாரம் முழுக்கவா? ஆறு வருஷம் கஞ்சி ஊட்டின பொண்ணு பக்கத்துல இருக்க, அம்மா வராத புள்ளையத் தேடினாங்க. யாருக்கும் வலிக்கும், கை போனுக்குப் போகாது. உங்கள நான் கொடுமைக்காரின்னு சொல்லல. ஆனா அம்மா கடைசியா தேடினது அவரத்தான்ங்கறது அண்ணனுக்குச் சேர வேண்டியது, அத நீங்களும் அவர கேட்காமதான் வச்சிருக்கீங்க.

ஆயர் சொன்னது மத்தேயு 18. நீங்க 5ஆம் அதிகாரம் எடுத்துப் பாருங்க. காணிக்கை வைக்க வந்த இடத்துல ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை’ இருக்குன்னு ஞாபகம் வந்தா அப்படியே வச்சுட்டுப் போய் முதல்ல ஒப்புரவாகச் சொல்லுது. உனக்கு அவன் மேல குறைன்னு இல்லம்மா, அவனுக்கு உன் மேல. உங்கள பின் பெஞ்சுல உட்கார வச்சிருக்கறது இதுதான்னு எனக்குத் தோணுது. அண்ணன் குற்றவாளியாவே இருக்கற வரைக்கும் உங்க கணக்க யாரும் கேட்க மாட்டாங்கல்ல.

போன்ல வேணாம். மேட்டுப்பாளையம் இறங்கி திருப்பூர் போங்க. ‘அம்மா உன்னத் தேடினாங்கண்ணா, நான்தான் கூப்பிடல’ன்னு சொல்லுங்க, அன்னைக்கு தோட்டத்தப் பத்தி வாயே திறக்காதீங்க. அவரு கத்துனா கத்தட்டும், கேட்டுட்டு கடைசி பஸ்ஸுக்குள்ள மலையேறிடுங்க.