சீட்டு விளையாட்டு: அச்சடிக்கும் முன் என்ன செய்வது?

கேள்வி: 6 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்காகக் காய்கறிப் படச் சீட்டு விளையாட்டு ஒன்று செய்திருக்கிறேன். மொத்தம் 60 சீட்டு, ஆளுக்கு 7. என் பிள்ளைகள் ரசித்து ஆடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். முதலில் பேட்டண்ட் (காப்புரிமை) எடுத்து, 1000 செட் அச்சடிக்கச் சொல்கிறார் ஒரு ஏஜெண்ட். செய்யலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை நம்புங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு விதியெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

ஏழு சீட்டு சின்னக் கைக்கு அதிகம். விசிறிபோல் பிடிக்க முடியாமல் தரையில் பரப்புவார்கள், எதிராளி பார்த்துவிடுவான், அப்புறம் ஆட்டத்தில் என்ன சுவை? ஐந்தாக்கி மறுபடி ஆடவிட்டுப் பாருங்கள். அந்தச் சுற்றில் வேறெதையும் தொடாதீர்கள். இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. இந்தச் சோதனைக்குப் பழைய சீட்டுக்கட்டில் தாள் ஒட்டிப் பென்சிலால் எழுதினாலே போதும். தோற்றவரை வெளியே உட்காரவைக்கும் விதி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஆட்டம் நடக்கும்போது நீங்கள் வாய் திறக்கக் கூடாது. விதித்தாளைப் படித்து அவர்களே ஆடட்டும். ஒரே விலக்கு, சரளமாகப் படிக்க வராத பிள்ளைகள். அவர்களுக்குப் பெரியவர் ஒருவர் படித்துக் காட்டலாம். ஆனால் அது நீங்களாக இருக்கக் கூடாது, உங்கள் வீட்டுக்காரராகவும் இருக்கக் கூடாது. விளையாட்டை முன்பின் பார்க்காதவர் வேண்டும். தாளில் உள்ளதை மட்டும் அவர் படிக்கட்டும். அவர் தயங்கும் வரியைக் குறித்து வையுங்கள். திருத்த வேண்டியது அந்த வரியைத்தான். 'இன்னொரு தடவை' என்று பிள்ளைகளே கேட்கும்வரை அச்சகம் பக்கம் போகாதீர்கள்.

பேட்டண்ட் விஷயம்தான் என்னைக் கொதிக்க வைக்கிறது. விளையாடும் முறை கண்டுபிடிப்பு ஆகாது என்று 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எம்) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அப்படியிருந்தும் விண்ணப்ப எண்ணைக் காட்டி, 'பேட்டண்ட் கிடைச்சாச்சு' என்று பணம் பிடுங்குகிறார்கள், கேட்பார் இல்லை. நீங்கள் வரைந்த படத்துக்கும் எழுதிய விதித்தாளுக்கும் பதிவு செய்யாமலே பதிப்புரிமை உண்டு.

விற்பதென்றால் ஒன்று கவனியுங்கள். 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வீட்டிலிருந்து சின்னதாகத் தொடங்குபவருக்குப் புரியும் தமிழில் இதை எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதுதான் ஏஜெண்டுகளுக்கு வசதி. அந்த முத்திரைக்கு உரிமம் தரும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) அலுவலகத்திலேயே நேரில் கேளுங்கள். இடையில் எவருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.