டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற கதை சொல்லி விளையாடும் ஆட்டத்தில், மந்திரவாதியின் துணைப் பிராணியான ஃபமிலியரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதைப் பயனுள்ளதாகவும் நினைவில் நிற்பதாகவும் ஆக்குவது எப்படி?

முதல் நிலை விசார்ட் (மந்திரவாதி), கூடவே ஓர் ஆந்தை, இரண்டு செஷன் (ஆட்ட அமர்வு) முடிவதற்குள் அது தோளில் இருப்பதே யாருக்கும் ஞாபகமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அதற்கென்று ஒரு வேலை இல்லை. வேலை இருக்கிற பிராணியைக் குழுவே கூப்பிடும். பெயரும் குணமும் அந்த வேலையோடு ஒட்டினால்தான் நிற்கும். அதனால் விதிகளிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2014 ஐந்தாம் பதிப்பை வைத்துச் சொல்கிறேன்.

'ஃபைண்ட் ஃபமிலியர்' முதல் நிலை ஸ்பெல் (மந்திரம்). போட ஒரு மணி நேரம். ரிச்சுவலாக, அதாவது சடங்காகப் போட்டால் இன்னும் 10 நிமிடம் கூடும், ஆனால் ஸ்பெல் ஸ்லாட் (இத்தனை மந்திரம்தான் போடலாம் என்ற ஒதுக்கீடு) செலவாகாது. 10 தங்கக் காசு மதிப்புள்ள கரி, தூபப்பொருள், மூலிகை மூன்றும் பித்தளைத் தணல்சட்டியில் எரிந்து தீர வேண்டும். வருவது நிஜ விலங்கு அல்ல, விலங்கு வடிவெடுத்த ஓர் ஆவி. அது உங்கள் சொல்லைக் கேட்கும், தனக்கென்று இனிஷியேட்டிவ் (யார் முறை எப்போது என்ற வரிசைக்கான உருட்டல்) போடும், தன் முறையில் தானே இயங்கும். தாக்க மட்டும் முடியாது. மற்ற எல்லா ஆக்‌ஷனும் அதற்கு உண்டு. பலர் "தாக்க முடியாது" என்பதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஃபமிலியர் வீணாவது அங்கேதான்.

சண்டையில் அதன் முக்கியமான வேலை 'ஹெல்ப்' ஆக்‌ஷன். எதிரிக்கு 5 அடிக்குள் போய் அவனைத் திசைதிருப்பினால், உங்கள் கூட்டாளி அந்த எதிரிமேல் அடுத்து போடும் முதல் தாக்குதலுக்கு அட்வான்டேஜ், அதாவது 20 முகப் பகடையை இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். பகடையில் 11 அல்லது அதற்குமேல் விழ வேண்டிய இடத்தில் 50 சதவீத வாய்ப்பு 75 ஆகிறது. 15 விழ வேண்டுமென்றால் 30 என்பது 51 ஆகிறது. ஒரே ஓர் அடியை நம்பி நிற்கும் ரோகுக்கு (பதுங்கித் தாக்கும், பூட்டுத் திறக்கும் பாத்திரம்) இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ரோகின் கூடுதல் சேத அடியான ஸ்னீக் அட்டாக்குக்கான வழியும் கூடவே திறக்கிறது.

இதற்கு ஆந்தையை எல்லோரும் சொல்வதற்குக் காரணம் 'ஃப்ளைபை'. எதிரியின் கைக்கெட்டும் தூரத்திலிருந்து பறந்து விலகும்போது ஆப்பர்சூனிட்டி அட்டாக் (விலகுபவர்மேல் விழும் உடனடி அடி) வாங்காது. அதன் பறக்கும் வேகம் 60 அடி. எதிரி 30 அடியில் நிற்கிறான் என்று வையுங்கள். ஆந்தை 25 அடி போய் அவன் முகத்தெதிரே சிறகடிக்கிறது, ஹெல்ப் செய்கிறது, மீதி 35 அடியில் திரும்பி வந்துவிடுகிறது. எங்கே திரும்புகிறது என்பதுதான் உயிர்நாடி. ஆந்தைக்கு ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 1, ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 11. தாக்குதல் உருட்டலோடு 4 கூட்டிக்கொள்ளும் ஒரு கோப்ளின் வில்லெடுத்தால், வெட்டவெளியில் பறக்கும் ஆந்தைமேல் அம்பு பட 70 சதவீத வாய்ப்பு. முக்கால் மறைப்பு இருந்தால் அது 45க்கு இறங்கும். தூண், கதவு மூலை, கவிழ்ந்த வண்டி என்று முழுதாக மறைத்துக்கொண்டால் குறியே வைக்க முடியாது. "திரும்பி வருகிறது" என்று சொல்லாதீர்கள், "வண்டிக்குப் பின்னால் இறங்குகிறது" என்று சொல்லுங்கள். ஆட்டத்தை நடத்தும் டிஎம்முக்கும் தெளிவு, மேசையில் இருப்பவர்கள் கண்ணுக்கும் காட்சி தெரியும்.

தொடுகை ஸ்பெல்லை ஃபமிலியர் வழியாக அனுப்புவதில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். தொட்டு மின்னதிர்ச்சி தரும் ஷாக்கிங் கிராஸ்ப் போன்றதை அது 100 அடிக்குள் இருந்தால் உங்களுக்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தாக்குதல் உருட்டல் இருந்தால் உங்கள் கணக்கே. ஆனால் சுற்றுக்கு ஒன்றே கிடைக்கும் அதன் ரியாக்‌ஷன் செலவாகும், மேலும் உங்கள் முறை வரும்போது அது எதிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹெல்ப் செய்துவிட்டுப் பறந்துவந்த ஆந்தை அங்கே இருக்காது. இரண்டையும் ஒரே சுற்றில் செய்ய, ஆந்தை எதிரி அருகிலேயே காத்திருக்க வேண்டிவரும். இனிஷியேட்டிவ் வரிசையில் ஆந்தைக்கு அடுத்து நேராக நீங்கள் வந்தால் மட்டும் துணியலாம். நடுவில் எதிரி முறை இருந்தால் ஆந்தை பிழைக்காது.

வேவு பார்ப்பது அடுத்த வேலை. 100 அடிக்குள் மனதோடு மனம் பேசலாம். உங்கள் ஆக்‌ஷனைச் செலவழித்து அதன் கண்ணாலும் காதாலும் உணரலாம்; அது உங்கள் அடுத்த முறை தொடங்கும்வரைதான். அந்த நேரம் உங்கள் சொந்தக் கண்ணும் காதும் வேலை செய்யாது, அதனால் பக்கத்தில் ஒரு ஆளைக் காவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். (2024 திருத்தத்தில் இது பிரதான செயலுக்கு மேல் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனாக எளிதாகிவிட்டது.) 100 அடிக்கு அப்பால் அனுப்பினால் போய்த் திரும்பித்தான் சொல்ல முடியும். அங்கே கட்டளை தெளிவாக இருக்க வேண்டும்: எங்கே போக வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம், என்ன நடந்தால் உடனே திரும்ப வேண்டும். "கோட்டையைச் சுற்றிப் பார்த்து வா" என்றால் டிஎம் உங்களுக்குத் தெளிவில்லாத பதில்தான் தர முடியும். "வடக்கு மதில்மேல் உட்கார், விளக்கோடு போகிறவர்களை எண்ணு, நாய் குரைத்தால் வந்துவிடு" என்றால் பதிலில் சாரம் இருக்கும்.

ஆந்தையின் இன்டெலிஜென்ஸ் (அறிவு மதிப்பெண்) வெறும் 2. அது மனிதனைப் போல அறிக்கை வாசித்தால் சுவாரசியம் போய்விடும். ஒன்று, இரண்டு, நிறைய. என்னைவிடப் பெரியது, உன்னைவிடப் பெரியது. எலி வாசம், இரும்பு வாசம், நெருப்பு. இவ்வளவு சொற்களுக்குள் அது பேசட்டும். "நிறைய. இரும்பு. ஒன்று உன்னைவிடப் பெரியது, தூங்குகிறது." இந்த ஒரு வரியில் தகவலும் இருக்கிறது, பிராணியும் இருக்கிறது. மேசையில் இப்படிப்பட்ட வரியைத்தான் மற்றவர்கள் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஃபமிலியர் நினைவில் ஏறுவது அப்போதுதான்.

வடிவத்தை இடத்துக்குத் தக்கபடி மாற்றுங்கள். இருட்டுக் குகைக்கு வௌவால்: 60 அடிக்குள் கண் இல்லாமலே உணரும், மாயத்தால் கண்ணுக்குத் தெரியாமல் நிற்பவனும் அதற்குத் தப்ப முடியாது, காது அடைபட்டால் மட்டும் அந்தத் திறன் போய்விடும். பூட்டிய கதவுக்கு அடியில் நுழைய சிலந்தி. ஊருக்குள் பூனையோ காகமோ, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ரேவன் எனும் பெருங்காகம் கேட்ட சத்தத்தை அப்படியே எழுப்பும், குழந்தை அழுவதுபோலக்கூட. காவலாளியை இடம்விட்டு நகர்த்த அது போதும். மாற்ற ஒவ்வொரு முறையும் அதே 10 காசும் அதே ஒரு மணி நேரமும் ஆகும் என்பதால் பயணத்துக்கு முந்தைய இரவே தீர்மானித்துவிடுங்கள்.

வடிவம் மாறினாலும் ஆவி அதேதான் என்பதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து எல்லா வடிவத்திலும் வையுங்கள். பதில் சொல்லுமுன் தலையை ஒரு பக்கம் சாய்க்கும் ஆந்தை, எலியானாலும் அப்படியே சாய்க்கட்டும். தணல்சட்டியில் எந்த மூலிகை என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். ரோஸ்மேரி என்றால், அது மறைந்து தோன்றும் ஒவ்வொரு முறையும் அந்த வாசனை முதலில் வரும். மூன்றாவது தடவை நீங்கள் "ரோஸ்மேரி வாசம்" என்று சொன்னதுமே மற்றவர்களுக்கு யார் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கூலியும் கொடுங்கள். இங்கிலாந்தில் 1566இல் செல்ம்ஸ்ஃபோர்டில் நடந்த சூனிய வழக்கில், எலிசபெத் ஃபிரான்சிஸ் என்பவரின் வாக்குமூலமாகப் பதிவானது இது: பாட்டி கொடுத்த வெள்ளைப் புள்ளிப் பூனை, பெயர் சாத்தான். கூடையில் வளர்ந்தது, ரொட்டியும் பாலும் தின்றது, செய்து கொடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சொட்டு ரத்தம் கேட்டது. பிறகு ஒரு கேக்குக்குப் பதிலாக ஆக்னஸ் வாட்டர்ஹவுஸிடம் கைமாறியது. அவர் அதைக் கம்பளி போட்ட பானையில் வைத்திருந்தார். கம்பளி தேவைப்பட்டதும் பூனையைத் தேரையாக்கினாராம். ஆக்னஸ் தூக்கிலிடப்பட்டார். அந்தக் கொடுமையை விளையாட்டாக எடுக்கக்கூடாது. ஆனால் நானூற்றைம்பது வருடம் கழித்தும் அந்தப் பூனை நினைவில் நிற்பது கூடை, பானை, ஒரு சொட்டு ரத்தம் ஆகியவற்றால்தான். உங்கள் ஃபமிலியருக்கும் தங்குமிடம் ஒன்று, விருப்பமான தீனி ஒன்று முடிவு செய்யுங்கள். கூலி சின்னதாகவே இருக்கட்டும்: வேவு பார்த்து வந்தால் ஒரு துண்டு பாலாடைக்கட்டி. சந்தையில் யாராவது ஞாபகமாக வாங்கிவந்தால், அது குழுவின் பிராணி ஆகிவிட்டது என்று அர்த்தம்.

அது சாவதையும் யோசித்துவையுங்கள். ஹிட் பாயிண்ட் பூஜ்யமானால் உடல்கூட மிஞ்சாமல் மறையும், மறுபடி ஸ்பெல் போட்டால் வந்துவிடும். சும்மா வந்துவிட்டால் யாருக்கும் வலிக்காது. எண்களில் தண்டனை வைக்க வேண்டாம். எப்படி மறைந்ததோ அது மட்டும் ஒட்டியிருக்கட்டும். தீயில் போன ஆந்தை அடுத்த சில நாள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்காராது. டிஎம் பக்கமும் ஒரு பொறுப்பு உண்டு. எதிரிகள் முதல் சுற்றிலேயே ஆந்தையைக் குறிவைத்தால் ஆட்டக்காரர் அதைப் பையிலேயே வைத்திருப்பார். இரண்டு தடவை தொந்தரவு பட்டபின், புத்தியுள்ள எதிரி அதன் பக்கம் திரும்புவதுதான் நியாயம்.

ஒரு பிரச்சினை மேசைக்கு வெளியே தெரியாது: வேவு முழுவதையும் ஆந்தை செய்தால் ரோக் விளையாடுபவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார். உயரமும் வெளிப்புறமும் ஆந்தைக்கு, கதவும் பூட்டும் ரோகுக்கு என்று பிரித்துவிடுங்கள். ஃபமிலியர் உரையாடலுக்கு ஒரு தடவையில் அரை நிமிடம் போதும்.

ஆட்டம் தொடங்குமுன் டிஎம்மிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: ஃபமிலியர் எவ்வளவு தெளிவாகப் பேசும், ஸ்கில் சோதனைகளுக்கும் ஹெல்ப் செல்லுமா, டிராகன்ஸ் பிரெத் (டிராகன் போல மூச்சு விடவைக்கும்) ஸ்பெல்லை ஆந்தைமேல் போடலாமா. கடைசியானது விதிப்படி சரி, ஏனென்றால் மூச்சு விடுவது தாக்குதல் ஆகாது. 15 அடி கூம்பில் மூன்று ஆறுமுகப் பகடைச் சேதம். ஆனால் அது மேசையின் சமநிலையை மாற்றும், எதிரிகளின் முதல் குறியாகவும் ஆந்தையை ஆக்கும். சண்டை நடுவில் வாதாடுவதைவிட, முதல் செஷனுக்கு முன்னால் கேட்டுவிடுவது நல்லது.