கோபன்ஹேகனில் ஒரு மாலைதான் இருக்கிறது, டிவோலிக்குப் போகலாமா?

வேலை விஷயமாக கோபன்ஹேகன் போகிறீர்கள், ஒரு சனிக்கிழமை மாலை மட்டும் ஓய்வு, டிவோலி பூங்காவில் நுழையவே நல்ல காசு ஆகும் என்கிறார்கள், நம் ஊர் தீம் பார்க்கில் இல்லாத ராட்டினம் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்டிப்பாகப் போங்கள். ஆனால் ராட்டினங்களை எண்ணிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிவோலி, கோபன்ஹேகன்காரர்கள் சாப்பாட்டுக் கூடையோடு போய் உட்கார்ந்துவிட்டு வருகிற இடம். ராட்டினங்கள் அதற்கு நடுவே சுற்றிக்கொண்டிருக்கின்றன. இதை நான் ஒரு டேனிஷ் குடும்பத்தோடு போனதால்தான் தெரிந்துகொண்டேன்.

மாணவர் பரிமாற்றத்தில் அங்கே படித்தபோது, நகரத்துக்கு வெளியே ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தேன். தாத்தா, பாட்டி, அவர்கள் மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள். எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார்கள். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. 'தாத்தா', 'பாட்டி' என்றே கூப்பிட்டேன். பாட்டிக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், பேரப்பிள்ளைகளையும் அப்படியே கூப்பிடச் சொன்னார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை. மதியம் மூன்று மணிக்கே பாட்டி சமையலறையில் வேலையைத் தொடங்கிவிட்டார். ரை மாவில் செய்த கறுப்பு ரொட்டியைத் துண்டு போட்டு, மேலே வெண்ணெய் தடவி, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. தாத்தாவுக்கு ஊறவைத்த ஹெர்ரிங் மீன், பிள்ளைகளுக்கு ஆறிய இறைச்சி உருண்டை. நான் சைவம் என்பதால் அவித்த உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி அடுக்கி, மயோனைஸும் வெங்காயத்தாளும் தூவியது. இது எனக்காகக் கண்டுபிடித்த பதார்த்தம் இல்லை, அவர்கள் காலம் காலமாகச் சாப்பிடுவதுதான். பூங்காவுக்குள் நம் சாப்பாட்டை எடுத்துப்போகத் தடை கிடையாது, உட்கார்ந்து சாப்பிட மேசைகளும் உண்டு. நம் ஊரில் வாசலிலேயே பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலைக்கூட வாங்கி வைத்துக்கொள்கிற பூங்காக்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இதுவே பெரிய மரியாதையாகத் தெரிந்தது.

பூங்கா எங்கோ புறநகரில் இல்லை. மத்திய ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் எதிரே டிவோலி, அந்தப் பக்கம் போனால் நகர மண்டபம். 1843 ஆகஸ்ட் 15ஆம் தேதி திறந்தபோது அது நகரத்துக்கு வெளியே, மேற்கு வாசலைத் தாண்டிய கோட்டை நிலம். உள்ளே நீங்கள் பார்க்கப்போகும் நீளமான ஏரி, பழைய அகழியின் மிச்சம்தான். நகரம் வளர்ந்து பூங்காவைச் சுற்றிக்கொண்டது. தொடங்கியவர் கியார்க் கார்ஸ்டென்சன். அல்ஜியர்ஸில் பிறந்தவர், பத்திரிகை நடத்தியவர். மக்கள் கொண்டாட்டத்தில் இருந்தால் அரசியலைப் பற்றி யோசிக்க மாட்டார்கள் என்று சொல்லித்தான் மன்னர் எட்டாம் கிறிஸ்டியானிடம் அனுமதி வாங்கினார் என்று அங்கே சொல்வார்கள். தாத்தாவும் நுழைவாயிலில் நின்று அதைத்தான் முதலில் சொன்னார்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, உன் ஊருக்கும் இதே மன்னர்தான் என்றார். எனக்குச் சொந்த ஊர் மயிலாடுதுறைப் பக்கம். 1620இல் டேனியர்கள் வந்து இறங்கிய தரங்கம்பாடி எங்களுக்குப் பேருந்தில் போய் வருகிற தூரம். அதை 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றது இந்த எட்டாம் கிறிஸ்டியான் ஆட்சியில்தான். வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய். ஆக, டிவோலி திறந்த முதல் இரண்டு வருடங்களில் தரங்கம்பாடியின் டான்ஸ்போர்க் கோட்டையிலும் கோபன்ஹேகனிலும் ஒரே கொடி பறந்திருக்கிறது. கடற்கரையில் அந்தக் கோட்டையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவனுக்கு இதைக் கேட்டதும் பூங்கா கொஞ்சம் சொந்தமானதுபோல் ஆகிவிட்டது.

உள்ளே நுழைந்ததும் பேரன் கையைப் பிடித்து இழுத்தது ரோலர் கோஸ்டருக்கு. டேனிஷில் ரூட்ஷபேனன் என்பார்கள். 1914இல் மரத்தால் கட்டியது, இன்னும் ஓடுகிறது. இன்றைய ரோலர் கோஸ்டர்களோடு ஒப்பிட்டால் உயரமும் வேகமும் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு ரயிலிலும் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார், பிரேக் பிடிப்பவர். நவீன கோஸ்டர்களில் பிரேக் தண்டவாளத்தில் இருக்கும், கணினி பார்த்துக்கொள்ளும். இங்கே எந்த இறக்கத்தில் எவ்வளவு விடலாம், எந்த வளைவுக்கு முன்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பது அந்த ஆளின் கையில் இருக்கிறது. மழை பெய்து தடம் ஈரமாக இருந்தால் ஒரு மாதிரி, ஆள் நிறைய இருந்தால் வேறு மாதிரி. எங்கள் ரயிலில் இருந்தது ஒரு இளம்பெண். இறக்கத்தில் சட்டென்று விட்டுவிட்டு, எல்லோரும் கத்தி முடித்ததும் நெம்புகோலை இழுத்தார். மரச் சட்டங்கள் கடகடவென்று அதிர்வது முதுகுத்தண்டு வரை வருகிறது. நூறு வருடத்துக்கு மேலாக ஒரு மனிதக் கையை நம்பி ஓடுகிற வண்டி. பேரன் இறங்கியதும் மறுபடி வரிசையில் போய் நின்றான். நானும் அவனோடு நின்றேன். இந்த ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள்.

மற்ற பெரிய ராட்டினங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2004இல் வந்த டெமோன் என்ற இரும்பு ரோலர் கோஸ்டர் தலைகீழாகச் சுற்றும். 80 மீட்டர் உயரத்தில் சங்கிலி நாற்காலியில் சுற்றுகிற ஒன்றும் உண்டு, மேலே போனால் நகரத்துக் கூரைகள் எல்லாம் காலுக்குக் கீழே. நன்றாகவே இருந்தன. ஆனால் இப்படிப்பட்டவை வேறு ஊர்களிலும் கிடைக்கும். சின்னப் பிள்ளைகள் கூட வந்தால் டேனிஷ் எழுத்தாளர் ஆண்டர்சனின் குழந்தைக் கதைகளின் காட்சிகள் வழியாகப் பெட்டியில் உட்கார்ந்து போகிற சவாரிக்குக் கூட்டிப்போங்கள். எங்கள் பேத்தி அதிலிருந்து இறங்க மறுத்தாள்.

அடுத்து பாண்டோமைம் அரங்கம், பேசாமல் நடித்துக்காட்டும் நாடகத்துக்கானது. 1874இல் வில்ஹெல்ம் டாலரூப் என்ற கட்டடக் கலைஞர் சீன பாணியில் கட்டியது. பார்வையாளர்களுக்குக் கூரை கிடையாது, வெட்டவெளியில் உட்கார்ந்தும் நின்றும் பார்க்க வேண்டியதுதான். அரங்கத்துக்குத் திரைச்சீலை இல்லை. அதற்குப் பதிலாகத் தோகை விரித்த ஒரு பிரம்மாண்ட மயில் மேடையை மறைத்து நிற்கிறது. ஆட்டம் தொடங்கும்போது அந்தத் தோகை மெல்ல மடிந்து இறங்கி மேடை தெரிகிறது. அந்த நேரம் கூட்டத்தில் எழுந்த பெருமூச்சை நீங்கள் கேட்க வேண்டும். வருடா வருடம் பார்த்தவர்கள் விட்ட பெருமூச்சு அது.

நடப்பது பழைய இத்தாலிய நாடக வகை. வசனமே இல்லை. ஹார்லெகின் கொலம்பீனைக் காதலிப்பான், அவள் அப்பா கசாண்டர் குறுக்கே நிற்பார், அவருடைய வேலைக்காரன் பியெரோ எல்லாவற்றையும் கெடுப்பான். வெள்ளை உடை, வெள்ளை முகம். நம் கூத்துக் களரியில் கட்டியங்காரனுக்காகப் பிள்ளைகள் முன்வரிசையில் இடம்பிடித்துக் காத்திருப்பதுபோல இங்கே பியெரோவுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆட்டம் முழுக்க வாய் திறக்காத அவனைப் பார்த்து, முடிந்ததும் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, 'பியெரோ, ஏதாவது பேசு!' என்று கத்துகிறார்கள். அப்போது அவன் பேசுகிறான். எங்கள் பேத்தி தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்தில் அவள் அம்மா கத்தினார். பாட்டியும் கத்தினார். மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் கத்துவதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மொழி தெரியாவிட்டாலும் கதை முழுக்கப் புரியும். நுழைவுச் சீட்டு இருந்தால் போதும், இதற்குத் தனிக் காசு இல்லை.

சாப்பாடு ஏரிக்கரையில். அந்த நேரம் பார்த்து டிவோலி காவல் படை வந்தது. சிவப்புக் கோட்டு, உயரமான கரடித்தோல் தொப்பி, எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அரண்மனைக் காவலரின் உடையைச் சின்ன உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. 1844இல் தொடங்கிய படை. வெகுகாலம் பையன்கள் மட்டும், 2015இலிருந்து பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மேளமும் குழலும் வாசித்துக்கொண்டு போனவர்களைப் பேத்தி கண் இமைக்காமல் பார்த்தாள். அவளும் குழல் பழகிக்கொண்டிருந்தாள்.

பாட்டி 1944ஐப் பற்றிச் சொன்னது அங்கே உட்கார்ந்துதான். நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தது. ஜூன் மாதம் ஒரு நாள் இரவு, நாஜிகளோடு சேர்ந்து வேலை செய்த டேனியர்களே பூங்காவுக்குள் குண்டு வைத்தார்கள். இசை அரங்கம் போய்விட்டது. கோபன்ஹேகன்காரர்கள் எதை நேசிக்கிறார்களோ அதை உடைத்தால் அவர்கள் மனம் உடையும் என்பது கணக்கு. பாட்டிக்கு அப்போது மூன்று வயது, அவருக்கு நினைவில்லை. ஆனால் மறுநாள் காலை அவருடைய அம்மா ஜன்னலோரம் நின்று அழுததை அக்கா சொல்லிக் கேட்டிருக்கிறார். சில வாரங்களிலேயே பூங்காவை மறுபடி திறந்துவிட்டார்கள். இப்போது இருக்கிற இசை அரங்கம் 1956இல் கட்டியது. இதையெல்லாம் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, சொந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிற குரலில் சொன்னார். அதற்குப் பிறகு அந்த மேசை, அந்த மரங்கள் எல்லாவற்றின் மேலும் எனக்கு வேறு ஒரு மதிப்பு வந்துவிட்டது.

ஆகஸ்டில் அங்கே சூரியன் மறைய எட்டு மணிக்கு மேல் ஆகும். இருட்டத் தொடங்கியதும் விளக்குகள் ஒவ்வொரு பகுதியாக எரிய ஆரம்பித்தன. இதற்காகத்தான் பாட்டி எங்களை மாலையில் கூட்டிவந்திருந்தார். 1843லேயே இருட்டிய பிறகு வண்ண விளக்குகள் ஏற்றிய பூங்கா இது. இப்போதும் கண்ணைக் குத்துகிற வெளிச்சம் எங்கும் இல்லை. மரக்கிளைகளிலும் கூரை விளிம்புகளிலும் சின்னச் சின்ன பல்புகள், மஞ்சளும் சிவப்புமாக. வட ஆப்பிரிக்க மூரிஷ் பாணி அரண்மனை மாதிரி கட்டிய நிம்ப் கட்டடம் முழுக்க விளக்கால் கோடு போட்டிருக்கும். ஏரித் தண்ணீரில் ஜப்பானியக் கோபுரத்தின் அடுக்குகள் தலைகீழாக ஆடும். 1951இல் வால்ட் டிஸ்னி இங்கே வந்து சுற்றிப் பார்த்திருக்கிறார், நான்கு வருடம் கழித்துத் தன் பூங்காவைத் திறந்தார். ஒரு சாயங்காலம் இங்கே இருந்தவருக்கு அவர் எதைப் பார்த்து மயங்கியிருப்பார் என்று ஊகிக்கக் கஷ்டம் இல்லை.

தாத்தா பாட்டியை நடனம் ஆடக் கூப்பிட்டார். புல்வெளி மேடையில் வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருந்தது. டிவோலியின் முதல் இசை இயக்குநர் ஹெச். சி. லும்பியே 1845இல் எழுதிய துள்ளலான ஒன்று, ஷாம்பெயின் பாட்டிலின் தக்கை தெறிக்கிற சத்தத்தோடு தொடங்கும். 'டப்' என்றதும் பிள்ளைகள் குதிக்கிறார்கள். வயதான ஜோடிகள் ஓரமாக ஆடினார்கள். மருமகன் எல்லோருக்கும் கூம்பு ஐஸ்கிரீம் வாங்கிவந்தார், மேலே முட்டை வெள்ளையில் அடித்த நுரையும் ஜாமும் வைத்தது. என்னை யாரும் விருந்தாளியாக நடத்தவில்லை. பேத்தி தூங்கி விழுந்தபோது என் மடியில் கிடத்திவிட்டு அவள் அம்மாவும் ஆடப் போய்விட்டார். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் வாணவேடிக்கை. அது முடிந்து கடைசி ரயில்களில் ஒன்றைப் பிடித்து வீடு திரும்பினோம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நுழைவுச் சீட்டு வேறு, எல்லா ராட்டினத்திலும் ஏறும் பாஸ் வேறு. ஒரு மாலைக்கு நுழைவுச் சீட்டும், ரூட்ஷபேனனுக்குத் தனியாக ஒரு சீட்டும் போதும். ஐந்து மணிக்கு மேல் உள்ளே போங்கள், இருட்டும்வரை கிளம்பாதீர்கள். கோடையாக இருந்தாலும் இரவில் குளிரும், ஜாக்கெட் வேண்டும். உள்ளே உணவகங்கள் விலை அதிகம், ரயில் நிலையத்திலேயே ஏதாவது வாங்கிக்கொண்டு போய் ஏரிக்கரையில் உட்காருங்கள். உங்களோடு வேலை செய்கிற டேனியர் யாராவது இருந்தால் கூச்சப்படாமல், கூட வருகிறீர்களா என்று கேளுங்கள். அவர்களில் பலரிடம் வருடச் சீட்டு இருக்கும், சந்தோஷமாக வருவார்கள். பூங்காவைக் கோடை, ஹாலோவீன், கிறிஸ்துமஸ் என்று பருவம் பிரித்து நடத்துவார்கள். பயணத் தேதி முடிவானதும் அவர்கள் இணையதளத்தில் நாள்காட்டியைப் பார்த்துவிட்டுச் சீட்டு எடுங்கள்.