பெண்கள் தொடக்க காலத்தில் ஆற்றிய தூதுப்பணியை அவர்களுடைய கடிதங்களிலிருந்து அறிய முடியுமா?

முடியும். பதவி இல்லாமல் செய்த வேலை அரசாங்கக் கோப்பில் ஏறுவதில்லை என்பதால், பெரும்பாலும் வேறு வழியும் இல்லை. (அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாரை நாம் அறிவதும் அவரே பாடிய புறநானூற்று 95ஆம் பாடலாலும் அதன் பழைய குறிப்பாலும்தான்.)

ஆங்கிலேயப் பெண்மணி மேரி வோர்ட்லி மான்டேகு எழுதிய துருக்கிக் கடிதங்களிலிருந்து தொடங்கலாம். 1716இல் இவருடைய கணவர், ஆஸ்திரியாவுக்கும் துருக்கிக்கும் இடையே சமரசம் பேசும் பொறுப்போடு சுல்தானின் அவைக்கு ஆங்கிலத் தூதராகச் சென்றார். முயற்சி பலிக்காமல் திருப்பி அழைக்கப்பட்டார். மேரியோ, எந்த ஆண் தூதரும் நுழைய முடியாத அந்தப்புரங்களில் விருந்தினராக அமர்ந்து, முதலமைச்சரின் மனைவியோடு உணவருந்தி, கண்டவற்றை எழுதினார். 1717 ஏப்ரல் 1 அன்று எழுதிய கடிதத்தில், பெரியம்மை வராமல் தடுக்க, மூதாட்டிகள் கொட்டையின் ஓடு ஒன்றில் அம்மைப்பாலை (அம்மைக் கொப்புளத்தின் சீழை) நிரப்பிக்கொண்டு வருவதையும், ஊசி முனையால் அதை இரத்தக் குழாயில் ஏற்றிக் கட்டுப்போடுவதையும் விவரிக்கிறார். மறு ஆண்டு தம் மகனுக்கும், 1721இல் இலண்டனில் மகளுக்கும் அவ்வாறே அம்மை குத்தச் செய்தார். அந்தத் தூதுக்குழுவால் இங்கிலாந்துக்குக் கிடைத்த பெரும் பயன் இதுதான் என்பேன்.

ஆனால் அவர் மறைந்த மறு ஆண்டு, 1763இல், அச்சான நூல் அஞ்சலில் போன கடிதங்களின் நேர்ப்படி அன்று. பழைய கடிதங்களையும் நாட்குறிப்பையும் கொண்டு அவரே திருத்தித் தொகுத்தது. அதை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

திருத்தப்படாத கடிதம் எப்படி இருக்கும் என்பது எங்கள் செட்டிநாட்டு வீடுகளுக்குத் தெரியும். ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போய்விட, பங்காளிகளுக்குள் மூண்ட மனத்தாங்கலை ஊரிலிருந்த ஆச்சிமார்தாம் பேசித் தீர்த்தார்கள். எங்கள் அப்பத்தா இரங்கூனுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், நெல் விற்ற கணக்குக்கும் பிள்ளையின் காய்ச்சலுக்கும் நடுவே, “மேல வீட்டார் படைப்புக்கு வந்து சாப்பிட்டுப் போனார்கள்” என்று ஒரு வரி வருகிறது. (படைப்பு என்பது முன்னோருக்குப் படைத்து உறவினர் கூடி உண்ணும் வழிபாடு.) எங்களோடு நெடுநாள் பேச்சுவார்த்தை இல்லாதிருந்த வீடு அந்த மேல வீடு. அவர்களை எப்படி வரவழைத்தார் என்பதைப் பற்றி அப்பத்தா ஒரு சொல்கூட எழுதவில்லை.

பதவி கிடைத்த பின் எழுத்தின் போக்கே மாறுகிறது. குடகில் பிறந்து சென்னையில் படித்த சி. பி. முத்தம்மா, 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். 1970இல் ஹங்கேரிக்குத் தூதரானார். பெண் அதிகாரி மணம் செய்ய அரசின் எழுத்துமூல அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவர் பணியைத் துறக்க வேண்டியிருக்கும் என்றெல்லாம் அன்று விதிகள் இருந்தன. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த மனுவையும் நான் அவருடைய சொந்த எழுத்தாகவே கொள்கிறேன். வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வை வழங்கிவிட்டதால் 1979இல் மனு தள்ளுபடியானது. ஆயினும் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளைத் தீர்ப்பிலேயே கடுமையாகக் கண்டித்தார்.