ஆறு வாரக் குழந்தைக்கு நேரம் பார்த்துப் பால் கொடுப்பதா, கேட்கும்போதெல்லாம் கொடுப்பதா?

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால், இரவு ஒன்பதுக்குத் தொட்டில், இடையில் அழுதாலும் தூக்கக்கூடாது என்று உங்கள் கணவர் அட்டவணை போட்டிருக்கிறார். குழந்தை அழும்போது உங்களுக்கு மனம் கேட்கவில்லை. யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். பால் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் உங்கள் கணவருக்கு வேண்டியது அட்டவணை அல்ல, வீட்டில் நிம்மதியான தூக்கம் என்றே எனக்குப் படுகிறது. பாலில் கை வைக்காமலே அதற்கு வழி உண்டு.

நான் தங்கச்சிமடத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். கணவர் ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்குப் போகிறவர். திங்கள், புதன், சனி கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரை திரும்புவார். ஊர் விழித்திருக்கும் நேரத்தில் படுப்பார். சென்னையில் இருக்கும் நாத்தனார் தன் பிள்ளைக்கு மூன்று மணி நேரக் கணக்கு வைத்து நிம்மதியாக இருந்ததைப் பார்த்து, நம் வீட்டிலும் அப்படிச் செய்யலாமே என்றார். மாமியாரோ, பச்சைப் பிள்ளைக்கு என்ன மணிக்கணக்கு என்று ஒரே பிடியாக நின்றார்.

நாத்தனாருக்கு ஒத்துவந்தது எனக்கு ஏன் ஒத்துவரவில்லை? மார்பில் ஒரு வேளைக்குத் தேங்கும் பாலின் அளவு தாய்க்குத் தாய் மாறும். நிறையத் தேங்குகிறவளின் குழந்தை மூன்று மணி நேரம் தாங்கும். மற்றவளின் குழந்தை ஒன்றரை மணி நேரத்தில் மீண்டும் தேடும். இருவருக்குமே ஒரு நாளில் போதுமான பால் சுரக்கும். குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். மார்பு நிறைந்தபடியே இருந்தால் சுரப்பது குறையும். பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கிறது. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று சுறாப்புட்டும் காரல் மீன் குழம்பும் பூண்டும் பார்த்துப் பார்த்துச் செய்து போடுவார்கள். அவ்வளவு செய்துவிட்டு, அழுகிற பிள்ளையை மணி ஆகவில்லை என்று விலக்கி வைத்தால் அந்தச் சாப்பாட்டால் என்ன பயன்?

இந்த மணிக்கணக்கு ஒன்றும் புதிதல்ல. 1907-இல் நியூசிலாந்தில் தாய் சேய் நலத்துக்கான பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கிய மருத்துவர் ட்ரூபி கிங், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பால், இரவில் பால் கிடையாது என்று தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவரும் தாய்ப்பாலை வலியுறுத்தியவர்தான். சுத்தமில்லாத புட்டிப்பாலால் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்த காலம் அது; ஒழுங்கு உயிரைக் காக்கும் என்று நம்பினார். இன்று உலக சுகாதார நிறுவனம், இரவோ பகலோ குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுக்கச் சொல்கிறது. பிறந்த புதிதில் அது ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை வரை வரும்.

கேட்பது என்றால் அழுவது மட்டுமல்ல. வாயைத் திறந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பும், நாக்கை நீட்டும், கை விரல்களை வாய்க்குக் கொண்டுபோகும். அழுகை கடைசியில்தான் வரும். அழுது சிவந்த பிள்ளைக்கு மார்பைப் பிடிக்கவே தெரியாது, வீறிட்டு விலகும். அதைப் பார்த்துத்தான் பால் போதவில்லை போலிருக்கிறது என்று பலர் மாவுப்பாலுக்குப் போகிறார்கள்.

எங்கள் கடற்கரையில் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். அந்த நாட்களில் குழந்தை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். அது தாகம். தாய்ப்பாலில் பெரும்பகுதி நீர்தான். ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் வேண்டாம். மூன்று மணி அட்டவணை இந்தத் தாகத்துக்கு எப்படி இடம் கொடுக்கும்?

தூக்கத்துக்கு வருகிறேன். ஆறு வாரத்தில் குழந்தையின் உடலுக்கு இரவு பகல் தெரியாது. இரண்டு மூன்று மாதத்தில்தான் அது மெல்ல வரும். பகலில் சன்னலைத் திறந்து வையுங்கள், பேச்சும் பாத்திரச் சத்தமும் இருக்கட்டும். இரவில் மங்கிய விளக்கு போதும். பேசாமல் பால் கொடுத்துப் படுக்க வையுங்கள். பிறகு ஒரு நேர ஒழுங்கு தானாகவே பிடிபடும். அப்போது உங்கள் கணவர் விரும்பும் ஒன்பது மணித் தொட்டிலைத் தாராளமாகப் பழக்கலாம். அதுவரை இரவில் பால் கொடுப்பது உங்கள் வேலை என்றால், தோளில் போட்டு ஏப்பம் வரவழைப்பதும் துணி மாற்றுவதும் அவர் வேலையாகட்டும். எங்கள் வீட்டில் கரை திரும்பிய நாளில் அவர் தூங்கி எழுந்ததும் பிள்ளையை வாங்கிக்கொள்வார், அடுத்த பால் வரை நான் கதவைச் சாத்திப் படுப்பேன். அட்டவணைப் பேச்சு அதோடு நின்றது.

கடிகாரம் ஓர் இடத்தில் கட்டாயம் வேண்டும். எடை குறைவாகப் பிறந்த குழந்தை, மஞ்சள் காமாலை உள்ள குழந்தை, பால் கேட்காமல் தூங்கிக்கொண்டே இருக்கும் குழந்தை ஆகியவர்களை மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் எழுப்பிக் கொடுக்க வேண்டும்.

இனி உங்கள் வீட்டு வாக்குவாதத்தைத் துணிக்கொடியிடமும் தராசிடமும் விட்டுவிடுங்கள். பிறந்த முதல் வாரம் தாண்டிய குழந்தை ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைக்க வேண்டும். என் மாமியார் மாலையில் கொடியில் கிடப்பதை எண்ணிவிட்டுத்தான் விளக்கேற்றப் போவார். எடையை அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ போட்டுத் தாய் சேய் அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நனையும் துணி குறைந்தாலோ, எடை ஏறாமல் நின்றாலோ, குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.